குழாயடி வரை வந்தவர்

நந்திதுர்க்
4 மார்ச் 2024

மதிப்பிற்குரிய குணசுந்தரி அம்மாவுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்கு நினைவிருக்குமா என்று தெரியவில்லை. தங்கச் சுரங்கத்தின் டைம் ஆபீஸில் வருகைக் கணக்கு எழுதும் கிளார்க்காக இருந்த ராஜப்பா. தொழிலாளர் குடியிருப்பில், மேல் லைனில் மூலை வீடு. சுரங்கம் மூடிய பிறகு லைன் ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாப்பம்மாவோடு நீங்கள் பலமுறை என் வாசலுக்கு வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இப்போது காது கேட்பதில்லை, போனில் பேசிப் பயனில்லை என்று உங்கள் மகள் ஷில்பா சொன்னதால் கடிதம் எழுதுகிறேன். எனக்கும் இதுதான் வசதி. போனில் எனக்கு வாய் வராது.

விஷயம் இதுதான். வரும் ஆகஸ்ட் பதினெட்டாம் தேதியோடு பாப்பம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அன்றைக்கு நம் லைன் சங்கம் ஒரு கூட்டம் நடத்துகிறது. இந்த ஊருக்காக உழைத்த ஏழு பேரின் வாழ்க்கையைச் சிறு புத்தகமாகக் கொண்டுவரவும் முடிவு செய்திருக்கிறார்கள். சங்கச் செயலாளர் கோவிந்தராஜ், பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். வேறு யாரும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

ஆறு பேரை எழுதி முடித்துவிட்டேன். பேத்தமங்களா ஏரித் தண்ணீர் வராத கோடைகளில், லைன் லைனாக முறை வைத்து, ஒரு குடம்கூடத் தகராறு இல்லாமல் தண்ணீர் பங்கிட்ட ஏனோக்கை எழுத நான்கு நாள் ஆனது. மற்றவர்களும் அப்படித்தான். பாப்பம்மாவிடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. பதினோரு முறை தொடங்கி, பதினோரு முறையும் கிழித்தேன்.

என்னிடம் இருக்கும் விவரங்கள் சரிதானா பாருங்கள். 2008இல் நம் ஊரில் கணக்கெடுப்பு நடந்தது. அந்த வேலை செய்பவர்கள் நம் வார்டில் யாரும் இல்லை என்று முடிவு வந்தது. பாப்பம்மா அதை எதிர்த்து மூன்று வருடம் மனு கொடுத்தார். அத்தனை மனுவும் என் கையால் எழுதியவை. மொத்தம் முப்பத்தொன்று. 2011 ஜூனில் நீதிமன்றம் அனுப்பிய குழு வந்து பார்த்தது. அதன் பிறகு உங்கள் எல்லோருக்கும் வேறு வேலை கிடைத்தது. ஆனால் பாப்பம்மா மட்டும் அதற்குப் பிறகும் எட்டு மாதம் அந்த வேலையையே செய்தார் என்று கேள்விப்பட்டேன். ஏன் என்று எனக்குத் தெரியாது. கேட்கத் துணிவும் இருந்ததில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுதித் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பணிவுடன்,
ராஜப்பா


பெங்களூரு
19 மார்ச் 2024

டைம் ஆபீஸ் சாருக்கு,

உங்களை எப்படி மறப்பேன். எங்களை நிற்க வைத்தேதான் மனு எழுதுவீர்கள். உட்காரச் சொல்ல உங்களுக்கு ஒரு வருஷம் ஆனது. அதுவும் உங்கள் வீட்டம்மா உள்ளே இருந்து, "எத்தினி நேரம் நிக்க வெக்கிறது, பெஞ்சு கீதே" என்று சத்தம் போட்ட பிறகுதான். அந்த அம்மா போய்விட்டதாக ஷில்பா சொன்னாள். நல்ல மனுஷி.

உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் "அந்த வேலை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு பேர் இருக்கிறது சார். கக்கூஸ் வாருவது. கையால் தகரத்தைப் பிடித்து வாரி, வாளியில் போட்டு, தலையில் வைத்துக்கொண்டு போய்க் கொட்டுவது. நீங்கள் மனு எழுதும்போதும் அந்தச் சொல் வந்தால் பேனாவை நிறுத்திவிட்டு எங்களைப் பார்ப்பீர்கள். பாப்பம்மாக்கா சொல்லும், "எழுதுங்க சார், வாசனை வராது."

நான் எழுதித் தருகிறேன். ஆனால் இரண்டு விஷயம்.

ஒன்று, என் பேரைப் போடக் கூடாது. ஷில்பாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை கிரண் வீட்டில் என்னை சுரங்க ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஷில்பாவே அப்படித்தான் நினைக்கிறாள். அவள் சின்னதாக இருந்தபோது பூதிகோட்டையில் என் மாமியார் வீட்டில் விட்டு வளர்த்தேன், பார்க்கக் கூடாது என்றுதான்.

இரண்டு. 2008இல் வீடு வீடாக வந்து "இல்லை" என்று எழுதிவிட்டுப் போன ஆள் யார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதை முதல் பக்கத்தில் எழுதுங்கள். பக்கத்து வார்டில் "உண்டு" என்று எழுதினார்கள். மறு வருஷமே அங்கே கக்கூஸ் வரிசையை இடித்தார்கள், பெண்களுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். எங்கள் வரிசை அப்படியே நின்றது. 2010 அக்டோபர் மழையில் அதன் பின்சுவர் விழுந்தது. கீழே வாரிக்கொண்டிருந்தது என் தங்கை வின்னி. ஆஸ்பத்திரியில் பிறந்தபோது நர்ஸ் வைத்த பேர் அது. முப்பத்து நாலு வயசு.

அவள் சுவர் விழுந்து சாகவில்லை சார். அந்த ஒரு சொல்லால் செத்தாள். எழுதின கை எதுவென்று தெரியாமலே பதினாலு வருஷம் போய்விட்டது. நீங்கள் கணக்காக வேலை செய்கிறவர். தேடினால் கிடைக்கும்.

குணசுந்தரி


நந்திதுர்க்
2 ஏப்ரல் 2024

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. தேட வேண்டியதில்லை. அந்த ஆள் நான்தான்.

இதற்கு மேல் எழுதாமல் தபாலில் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் எப்படி நடந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுரங்கம் மூடி ஏழு வருடம் ஆகியிருந்தது. கணக்கெடுப்புக்குத் தற்காலிகமாக ஆள் எடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவன், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னைச் சேர்த்தார்கள். மேல் லைனும் நீங்கள் குடியிருந்த கடைசி வரிசையும் என் பங்கு. முன்னூற்றுப் பன்னிரண்டு வீடுகள். வீட்டுக்கு ஒரு படிவம். அதில் பதினேழாவது கேள்வி: "இந்த வீட்டில், மனிதர் கையால் வாரும் கக்கூஸ் உண்டா?"

லைன் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு அறை, ஒரு அடுப்படி. வீட்டுக்குள் கக்கூஸ் எங்கே இருக்கிறது. கம்பெனி காலத்திலிருந்தே எல்லோருக்கும் பொதுவாக, லைன் கோடியில், குழாயடியைத் தாண்டித்தான் அந்த வரிசை. கேள்வி வீட்டைப் பற்றியது. ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் "இல்லை" என்று எழுதினேன். முன்னூற்றுப் பன்னிரண்டு முறை. ஒவ்வொன்றும் உண்மை. எல்லாவற்றையும் கூட்டியபோது, நம் வார்டில் அப்படி ஒன்றே கிடையாது என்று ஆகிவிட்டது.

டைம் ஆபீஸில் இருபத்தெட்டு வருடம் என்ன கேட்கிறார்களோ அதற்கு மட்டும் பதில் எழுதியே பழகியவன் நான். கூட ஒரு வார்த்தை எழுதினால் மேலே இருப்பவர் கூப்பிட்டு விளக்கம் கேட்பார்.

வின்னிக்காக என்ன சொல்வதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்பதும் தெரியவில்லை.

இந்தப் புத்தகத்தை எழுத நான் சரியான ஆள் அல்ல. நீங்கள் சொன்னால் கோவிந்தராஜிடம் சொல்லி விலகிக்கொள்கிறேன்.

ராஜப்பா


பெங்களூரு
21 மே 2024

சாருக்கு,

ஏழு வாரம் உங்களுக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். கடிதத்தைக் கிழிக்கவும் முடியவில்லை. அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். தினமும் அரிசி எடுக்கும்போது கை படும்.

நீங்கள் எழுதியிருப்பது படிக்க ஒழுங்காக இருக்கிறது. கேள்வி வீட்டைப் பற்றி, பதில் வீட்டைப் பற்றி. முப்பத்தொரு மனு எழுதினீர்கள், ஒவ்வொன்றுக்கும் "கணக்கெடுப்பின்படி அப்படி எதுவும் இல்லை" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை நீங்களேதான் எங்களுக்குப் படித்துக் காட்டினீர்கள். வாய் கூசவில்லையா.

விலகிக்கொள்கிறேன் என்று சொல்லுகிறீர்கள். விலகுவது உங்களுக்கு நன்றாக வரும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். அன்றைக்கு எங்கள் கடைசி வரிசைக்கு வந்தபோது எங்கே நின்றீர்கள். குழாயடிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா.

குணசுந்தரி


நந்திதுர்க்
29 மே 2024

அம்மாவுக்கு,

இந்தப் பக்கம்.

என் முந்தைய கடிதத்தில் எழுதியது பொய் அல்ல. ஆனால் அது முழுவதும் அல்ல. பதினாறு வருடமாக எனக்கே நான் அந்தப் பாதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். குழாயடியில் நின்றேன். அங்கிருந்து பார்த்தாலே தெரியும், கக்கூஸ் வரிசையின் இருபத்து நாலு கதவு. அதற்குப் பின்னால் நீங்கள் வாளியோடு நடக்கும் சந்தும் தெரிந்தது. ஒரு பெண் வாளியோடு வந்து, என்னைப் பார்த்ததும் சுவரோரம் ஒதுங்கி நின்றார். யாரென்று நான் பார்க்கவில்லை. நீங்களாகவோ வின்னியாகவோகூட இருக்கலாம்.

படிவத்தின் கடைசியில் "குறிப்பு" என்று இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். அதில் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். "வீட்டில் இல்லை. ஆனால் லைனுக்குப் பொதுவாக உண்டு." இவ்வளவுதான். வாக்கியம் மனதில் தயாராக இருந்தது. எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். மேலதிகாரி முதல் நாளே சொல்லியிருந்தார், குறிப்பு எதுவும் இல்லாமல் சுத்தமாக வர வேண்டும், குறிப்பு எழுதினால் நேரில் வந்து காட்ட வேண்டும் என்று. நேரில் காட்டுவதென்றால் அவரை அழைத்துக்கொண்டு நான் அந்தச் சந்துக்குள் போக வேண்டும். நான் அதுவரை ஒரு நாளும் போனதில்லை. ஒரே சுரங்கம், அதற்குள் ஒரே கூண்டில் இறங்கிய குடும்பங்கள், ஆனாலும் கடைசி வரிசைக்குள் நாங்கள் கால் வைத்ததில்லை. யாரும் தடுக்கவில்லை. நாங்களாகவே வைத்துக்கொண்ட எல்லை.

பாப்பம்மா தன் வீட்டிலிருந்து வெளியே வந்தார். "இன்னா சார், வெயில்ல நிக்கிறீங்க. தண்ணி குடிங்க" என்று சொம்பை நீட்டினார். "இப்பதான் குடிச்சேன்" என்றேன். குடிக்கவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. குறிப்பு இடத்தை வெறுமையாக விட்டு, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வின்னி இறந்த பதினோராம் நாள் பாப்பம்மா என் வாசலுக்கு வந்தார். அழவில்லை. கேட்டது இதுதான்: "சார், உங்ககிட்ட அளக்கிற டேப்பு கீதா?" இருந்தது. "வாங்க, அளந்துட்டு வரலாம்." அன்றைக்குத்தான் நான் குழாயடியைத் தாண்டினேன். டேப்பின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறு முனையை நான். ஒவ்வொரு கதவாக அகலம், உயரம், பின்னால் இருக்கும் துளைக்கும் தரைக்கும் உள்ள தூரம். நான் அளவைச் சொல்வேன், அவர் அதைத் திருப்பிச் சொல்வார், அதன் பிறகே எழுதுவேன். விழுந்த சுவரின் இடத்துக்கு வந்தபோது என்னால் எண்ணைச் சொல்ல முடியவில்லை. அவரே குனிந்து பார்த்து, "இங்க இன்னா போட்டுக்கீதுன்னு நீங்க வந்து படிங்க சார், எனக்குப் படிக்கத் தெரியாது" என்றார். வந்து படித்தேன். நான்கடி இரண்டங்குலம்.

அந்த வரைபடத்தோடு கொடுத்த மனுதான் முப்பத்தொன்றாவது. அதைப் பார்த்துத்தான் குழு வந்தது.

அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. "இல்லை" என்று எழுதியது நான் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா. தெரிந்தே என்னிடம் வந்தாரா. அவர் உயிரோடு இருந்தபோது கேட்டிருக்கலாம். தினமும் என் வாசலைத் தாண்டித்தான் கடைக்குப் போவார். கேட்கவில்லை.

ராஜப்பா


பெங்களூரு
17 ஜூன் 2024

சாருக்கு,

தெரியும். அக்காவுக்கு எல்லாம் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை, உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் ஒன்றோடொன்று சேர்ந்தது.

கணக்கெடுப்பு நடந்த அன்றைக்குச் சாயந்திரம் அக்கா என்னிடம் சொன்னது: "ஒருத்தரு குழாயடி வரிக்கும் வந்தாரு குணா. காகிதத்தைப் பாத்தாரு, நம்ம வரிசையைப் பாத்தாரு, மறுபடி காகிதத்தைப் பாத்தாரு. பேனாவைத் தொறந்தாரு, மூடினாரு. பாவம்." யார் அது என்று கேட்டேன். "யாரோ ஆபீஸ்காரரு" என்றது. ஒரே லைனில் முப்பது வருஷம் பார்த்த உங்களை யாரோ என்று சொல்லியிருக்கிறது.

இல்லை என்று முடிவு வந்ததும் மனு எழுத ஆள் தேடினோம். பங்காரப்பேட்டையில் ஒரு வக்கீல் இருந்தார், தைரியசாலி, கேட்டிருந்தால் சும்மாவே எழுதிக் கொடுத்திருப்பார். அக்கா கேட்கவில்லை. "டைம் ஆபீஸ்காரருதான் எழுதணும்" என்று பிடிவாதம். நான் சண்டை போட்டேன். "அந்த மனுஷன் நம்மளைப் பாத்தாலே கெளம்பிப் போகச் செருப்பைத் தேடுறாரு, அவரு எதுக்கு?" அக்கா சிரித்துக்கொண்டு, "அவருகிட்ட ஒரு வரி பாக்கி கீது. அவரே எழுதட்டும்" என்றது. எனக்கு அப்போது விளங்கவில்லை.

வின்னி போன பிறகு அக்காவிடம் கத்தினேன். "எழுதினவன் யாருன்னு கண்டுபுடி, நான் போய் அவன் வாசல்ல உக்காந்துக்கிறேன்." அக்கா சொன்னது, "நீ அங்க போய் உக்காந்தா அவரு கதவைச் சாத்திப்பாரு. அளக்க வரமாட்டாரு." மறுநாள்தான் உங்களிடம் டேப் கேட்டு வந்திருக்க வேண்டும்.

என் தங்கையைத் தூக்கிப் போட்டு பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவளுக்குத் தாயாக இருந்தது பாப்பம்மாக்காதான், என்னைவிட அதிகம். அந்த மனசோடு உங்களோடு டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அது எப்படி முடிந்தது சார். நான் ஒரு வாரமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு முடியாது. இப்போதுகூட முடியாது.

நீங்கள் கேட்ட எட்டு மாதம். எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் டைம் ஆபீஸில் டோக்கன் போர்டு இருந்ததே. கீழே இறங்குகிற ஆள் பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு போவான், ஏறி வந்ததும் அதே ஆணியில் மாட்டுவான். ஒரு ஆணி காலியாக இருந்தாலும் ஷிப்ட் முடியாது. அக்காவின் வீட்டுக்காரர் கூண்டு இறக்கும் வேலையில் இருந்தவர். அவர் சொல்லிச் சொல்லி அக்காவுக்கு அது மனசில் பதிந்துவிட்டது. மனு கொடுக்கத் தொடங்கியதும் அக்கா தன் வீட்டுக் கதவின் உள்பக்கம் பதினாலு ஆணி அடித்தது. தகர மூடியில் ஓட்டை போட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தது. "யாருக்கு வேற வேலை கெடைக்குதோ அவ வந்து இதை மாட்டணும். அதுதான் மேல வந்ததுக்கு அடையாளம்." வின்னியின் மூடியை அக்காவே மாட்டியது. உங்கள் போர்டிலும் அப்படித்தானாமே. செத்தவன் டோக்கனை அவனோடு இறங்கினவன் கொண்டுவந்து மாட்டுவானாமே.

குழு வந்து போன பிறகு முதல் வேலை அக்காவுக்குத்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. அக்கா அதை ஐடாவுக்குக் கொடுக்கச் சொன்னது. இரண்டாவது லூயிசாவுக்கு. எனக்கு ஐந்தாவதாக வந்தது. புதுக் கக்கூஸ் வீட்டுக்கு வீடு கட்டி முடிக்கும் வரை பழைய வரிசை இருந்தது. நாங்கள் எல்லோரும் நிறுத்திவிட்டால் வெளியூரிலிருந்து வேறு பெண்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள் என்று அக்காவுக்குப் பயம். ஆகவே ஒவ்வொருத்தியாக மேலே அனுப்பிவிட்டு, அவள் பங்கையும் தானே வாரியது. கடைசி இரண்டு மாதம் இருபத்து நாலு கதவும் அக்கா ஒருத்திதான்.

எனக்கு அது பிடிக்கவில்லை. "இத்தினி போராடிட்டு நீயே இன்னும் வார்றியே, வெக்கமா இல்லையா" என்று கேட்டுவிட்டேன். ஒரு வருஷம் பேசவில்லை. 2012 பிப்ரவரியில் வரிசையை இடித்த அன்று அக்கா தன் மூடியை மாட்டியதாக ஐடா வந்து சொன்னாள். நான் போகவில்லை. எனக்கும் ஒரு குழாயடி இருந்தது சார்.

புத்தகத்திலிருந்து நீங்கள் விலகக் கூடாது. அக்கா உங்களுக்கு விட்டுவைத்த வரி அது. ஆனால் அச்சடித்தால் மட்டும் போதாது. ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி, ஐடா, லூயிசா எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, அந்தப் பக்கத்தை நீங்களே வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது.

குணசுந்தரி


நந்திதுர்க்
24 ஜூலை 2024

அம்மாவுக்கு,

எழுதிவிட்டேன். பன்னிரண்டாவது முறை. கிழிக்கவில்லை. ஒன்பது பக்கம் வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் என் பெயரும், பதினேழாவது கேள்வியும், வெறுமையாக விட்ட குறிப்பும் இருக்கின்றன.

கோவிந்தராஜிடம் கொடுத்தேன். கடையில் துணி கிழித்துக்கொண்டே படித்தார். "இன்னா சார் இது, அந்தம்மாவைப் பத்தி எழுதச் சொன்னா உங்களைப் பத்தி எழுதிக்கீறீங்க. இதெல்லாம் எதுக்கு? நல்லது மட்டும் போட்டுக்கலாம்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. என் குற்றத்தைச் சொல்லி நானே மேடையில் இடம் பிடித்துக்கொள்கிறேனோ என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு மீதியைப் படித்துப் பார்த்தேன். அப்போது பாப்பம்மா ஒரு நல்ல பெண்மணியாக மட்டும் தெரிகிறார். அவர் செய்தது என்ன என்பது தெரியவில்லை. மறுநாள் போய், அந்தப் பக்கம் இல்லாவிட்டால் புத்தகத்தில் பாப்பம்மா இல்லை, வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்றேன். நான் அப்படிப் பேசி அவர் பார்த்ததில்லை. "சரி சார், உக்காருங்க, டீ சொல்றேன்" என்றார்.

ஆனால் மேடை. எனக்கு எழுபத்து நாலு வயதாகிறது, மைக்கின் முன் ஒரு முறைகூட நின்றதில்லை. சுரங்கம் மூடியபோது நடந்த வழியனுப்பு விழாவில் நன்றி சொல்லக்கூட எழுந்திருக்கவில்லை. கோவிந்தராஜ் படிக்கட்டுமே, நான் பக்கத்தில் நிற்கிறேனே. நீங்கள் சம்மதிப்பீர்களா.

ராஜப்பா


பெங்களூரு
1 ஆகஸ்ட் 2024

சாருக்கு,

மாட்டேன்.

குணசுந்தரி


நந்திதுர்க்
20 ஆகஸ்ட் 2024

அம்மாவுக்கு,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கூட்டம் பத்தரை மணிக்கு. சங்கத்து ஹாலில் எண்பது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் ஐடாவும், உங்களோடு இருந்தவர்களில் இன்னும் ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஐடாவுக்கு இப்போது எழுபது வயது, ஆனாலும் குரல் அப்படியே இருக்கிறது. கோவிந்தராஜ் என் பெயரைச் சொன்னதும் எழுந்தேன். மைக் ஸ்டாண்டில் காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு தொடங்கினேன்.

முதல் பக்கம் முடிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த சைலஸ், பழைய ஃபிட்டர், "இன்னைக்கு இதெல்லாம் தேவையா" என்று யாரிடமோ முணுமுணுத்தார். நான் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். அப்போது ஐடா கையை உயர்த்தினார்.

"சார், நிறுத்துங்க."

நிறுத்தினேன். என்னை இறங்கச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். இறங்கவும் தயாராகிவிட்டேன்.

"லூயிசா இப்பதான் உள்ள வர்றா. பஸ்ஸு லேட்டு. அவளும் கேக்கணும். மொதல்ல இருந்து படிங்க."

லூயிசா நடந்து வந்து, நாற்காலி போட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் வரை எல்லோரும் காத்திருந்தோம். பிறகு முதலிலிருந்து படித்தேன். "இந்த வார்டில் அப்படி எதுவும் இல்லை என்று 2008இல் எழுதியவன், இதை எழுதும் ராஜப்பா." முதல் முறை இந்த வரியில் என் குரல் உடைந்தது. இரண்டாம் முறை உடையவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்பதற்காக ஒருவர் பஸ் பிடித்து வந்திருக்கிறார், அவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும்தான் அப்போது இருந்தது.

முதல் பக்கத்தைப் படித்து முடித்ததும் லூயிசா கேட்டார். "வின்னி பேரு எங்க வருது?"

"நாலாம் பக்கம்."

"அதையும் படிங்க."

படித்தேன். அளந்த நாள், ஆணிகள், மூடிகள், எட்டு மாதம், எல்லாம் படித்தேன். ஐடா நடுவில் ஒரு திருத்தம் சொன்னார். பள்ளிக்கூட வேலையை அவருக்குக் கொடுக்கச் சொன்னபோது பாப்பம்மா சொன்ன வார்த்தையை நான் எழுதவில்லையாம். "நீ போடி, உனக்கு முட்டி வலி. எனக்கு இன்னும் முட்டி நல்லா கீது." ஹாலே சிரித்தது. அங்கேயே பேனாவை எடுத்துச் சேர்த்துக்கொண்டேன்.

கடைசியில் பதினாலு பெயர்களையும் வாசித்தேன். பதின்மூன்று பெயர். ஐந்தாவது இடத்தில், உங்கள் விருப்பப்படி, "பெயர் வெளியிட விரும்பாதவர்" என்று வாசித்தேன். முன்வரிசை என்னைப் பார்த்தது.

என்னை யாரும் மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சாப்பாட்டின்போது லூயிசா எனக்கு எதிரே உட்கார்ந்து, பஸ்ஸில் இடம் கிடைக்காத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ஏழு பேரின் வாழ்க்கையை எழுதியிருக்கிறேன். மற்ற ஆறு பேரும் செய்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. முயன்றால் அதில் கொஞ்சமாவது செய்யலாம் என்று தோன்றுகிறது. பாப்பம்மா டேப்பின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றதை மட்டும் என்னால் எட்ட முடியவில்லை. ஒன்பது பக்கம் எழுதியும் அதன் கீழேதான் நிற்கிறேன்.

செப்டம்பர் இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது. மாற்றம் ஏதாவது இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.

ராஜப்பா


பெங்களூரு
11 செப்டம்பர் 2024

சாருக்கு,

மாற்றம் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷில்பாவுக்கும் கிரணுக்கும் படித்துக் காட்டினேன். எனக்கு என் குரலே சரியாகக் கேட்காது, ஆகவே சத்தமாகப் படித்திருப்பேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். பெயர் வெளியிட விரும்பாதவர் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, அது நான்தான் என்று சொன்னேன்.

கிரண் தட்டை வைத்துவிட்டு வெளியே போனார். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. பேசுவார் என்று நினைக்கிறேன். பேசாவிட்டாலும் நான் சொன்னதைத் திருப்பி எடுக்க முடியாது. ஷில்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, பெரிய எழுத்தில் ஒரு காகிதத்தில் எழுதிக் கேட்டாள்: "வின்னி சித்தியுமா, அம்மா?" ஆமாம் என்று தலையசைத்தேன். சித்தி காய்ச்சலில் போனதாகத்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். அவள் ரொம்ப நேரம் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது இடத்தில் இருப்பதை அடித்துவிடுங்கள். நான் சொல்வதை அப்படியே எழுதுங்கள், நல்ல வார்த்தையாக மாற்ற வேண்டாம்.

குணசுந்தரி. வின்னியின் அக்கா. மேல் லைன் கோடியில் பதினெட்டு வருஷம் கக்கூஸ் வாரினாள்.